அந்த வீட்டு ஆமாவிடம் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா?

வெளிநாடுகளுக்கு மருத்துவத் தன்னார்வலர்களை அனுப்பிவைக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, மதுரையில் நர்ஸிங் படித்து, இப்போது இங்கிலாந்தில் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். 2024 ஏப்ரலில் உங்களில் ஒருவர் மூலமாக நான்கு வாரம் நேபாளம் போயிருந்தேன். கோர்க்கா மாவட்டத்தில் ஒரு மலைக்கிராமம். பகலில் ஹெல்த் போஸ்டில், அதாவது அரசின் சிறிய சுகாதார நிலையத்தில் வேலை, இரவில் ஊரில் ஒரு குடும்பத்தோடு தங்கல் என்று ஏற்பாடு. திரும்பி வந்ததும் ஒரு கருத்துப் படிவம் அனுப்பினீர்கள். பன்னிரண்டு கேள்விகள். சாப்பாடு எப்படி, படுக்கை எப்படி, வெந்நீர் கிடைத்ததா, இணையம் வந்ததா, மனதுக்கு நிறைவாக இருந்ததா. பன்னிரண்டும் என்னைப் பற்றி. என்னை வைத்துச் சோறு போட்ட வீட்டுக்கு அப்படி ஒரு தாள் போனதா என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன். என் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. கேட்டதற்குப் பதில் அதில் இல்லை.

அதனால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன், அதுவும் தமிழில். லண்டனிலும் டொரண்டோவிலும் சென்னையிலும் மருத்துவமோ நர்ஸிங்கோ படிக்கிற நம் பிள்ளைகளும் உங்களிடம் பணம் கட்டுகிறார்கள். கட்டுகிற அப்பா அம்மாவும் இதைப் படிக்கட்டும்.

நான் தங்கிய வீட்டு அம்மாவுக்கு 53 வயது. நேபாளியில் அம்மாவை ‘ஆமா’ என்பார்கள். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கணவர் முன்பு டெல்லியில் வேலை பார்த்தவர் என்பதால் ஆமாவுக்குக் கொஞ்சம் இந்தி வரும். எனக்கும் கொஞ்சம் வரும். அதை வைத்து இரண்டு பேரும் சமாளித்தோம். நீங்கள் கொடுத்த தாளில் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: தாய், மருமகள், பேத்தி, தொழில் விவசாயம். முதல் இரண்டு நாள் நானும் அவரைச் சோறு போடுகிறவர் என்று மட்டுமே நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் நீலச் சேலை கட்டி, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன். வேலைக்கு என்றார்.

அவர் நேபாள அரசின் பெண் சமூகச் சுகாதாரத் தன்னார்வலர். 1988இல் தொடங்கிய திட்டம் அது. இன்று நாடு முழுக்க ஏறக்குறைய ஐம்பதாயிரம் பெண்கள் அதில் இருக்கிறார்கள். ஊர்த் தாய்மார் குழு தங்களுக்குள் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கும். அவருக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு பையும் ஒரு பதிவேடும் கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது. சேலைக்கும் பயிற்சி நாட்களுக்கும் சிறு படி வரும், சில உள்ளூராட்சிகள் மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பது, பிரசவத்துக்கு ஹெல்த் போஸ்டுக்கு வரவைப்பது, வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு ‘ஜீவன் ஜல்’ என்ற உப்புச்சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொடுக்கக் கற்றுத்தருவது எல்லாம் இவர்கள் வேலை. நேபாளத்தில் 1996இல் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 539 தாய்மார் இறந்தார்கள் என்று கணக்கு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 151. இந்தப் பெண்கள் வீடு வீடாக ஏறி இறங்காமல் அந்த எண் இறங்கியிருக்காது என்பதை அங்கே நான்கு வாரம் இருந்து பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் ஆமா இந்த வேலைக்கு வந்தது 24 வயதில். அப்படியென்றால் 29 வருடம். எனக்கு அப்போது நடந்து பழகுகிற வயது. அந்த வீட்டில் தன்னார்வலர் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இருந்தவள் நான்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். இந்த மடலே அதனால்தான்.

போன ஐந்தாம் நாள் சாயங்காலம், பக்கத்து வீட்டு ஏழு மாதக் குழந்தைக்கு இருமல் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்தது ஆமாவிடம். ஆனால் நான் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தேன். கூட்டமும் என்னைப் பார்த்தது. குழந்தையின் நெஞ்சில் வைத்துக் கேட்டேன். அழுகைச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. சாதாரணச் சளிதான், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கிலாந்திலிருந்து வந்த சிஸ்டர் சொன்ன பிறகு என்ன, அந்தத் தாயின் முகம் தெளிந்துவிட்டது.

ஆமா ஒன்றும் பேசவில்லை. தாயை உட்காரச் சொல்லி, பால் கொடுக்கச் சொன்னார். குழந்தை அழுகை அடங்கிக் கண் சொருகும்வரை காத்திருந்தார். அப்புறம் சட்டையை மார்புக்கு மேலே சுருட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு சிறிய டைமரை எடுத்துத் தரையில் வைத்தார். அடுப்பு வெளிச்சம் குழந்தையின் வயிற்றில் விழுகிற மாதிரி தாயைக் கொஞ்சம் திருப்பி உட்காரவைத்தார். ஒரு நிமிடம். வயிறு ஏறி இறங்குவதை உதடு அசையாமல் எண்ணினார். 58. டைமரைத் திரும்ப முடுக்கி மறுபடி எண்ணினார். 56. இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது ஆகாத குழந்தை நிமிடத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் நிமோனியா என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இது நானும் கல்லூரியில் படித்ததுதான். பரீட்சைக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அதற்குப் பிறகு ஏழு வருடம் வயதானவர்கள் வார்டு. ஒரு கைக்குழந்தையைக்கூடத் தொட்டதில்லை. மூச்சை மானிட்டர் எண்ணித் திரையில் காட்டிவிடும்.

ஆமா டார்ச்சை எடுத்துக்கொண்டு தாயோடு கிளம்பினார். நாற்பது நிமிடம் மலைப்பாதை. நான் பின்னாலேயே போனேன். ஹெல்த் போஸ்டில் தங்கியிருந்த ஏ.என்.எம்., அதாவது பிரசவமும் பார்க்கும் துணைச் செவிலியர், எழுந்து வந்து, அவரும் எண்ணிப் பார்த்துவிட்டு அமாக்சிசிலின் தொடங்கினார். குழந்தை ஐந்தாறு நாளில் எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து சோளத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். ஆமா வீட்டில் இல்லாத சாயங்காலமாக அது இருந்திருந்தால், என் பேச்சைக் கேட்டு அந்தத் தாய் பிள்ளையைத் தூங்கவைத்திருப்பாள்.

தப்பு என்னுடையது, அதை உங்கள் மேல் போடவில்லை. ஆனால் நீங்கள் கொடுத்த விண்ணப்பத்தில் என் பதிவு எண் கேட்டீர்கள், தடுப்பூசி கேட்டீர்கள், சட்டை அளவு கேட்டீர்கள். குழந்தைகளைக் கடைசியாக எப்போது பார்த்தாய், பிரசவ வார்டில் எப்போது நின்றாய் என்று கேட்கும் கட்டம் எதுவும் அதில் இல்லை. ஒரு நாட்டில் வாங்கிய உரிமம் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லாது. நேபாளத்துக்கென்று மருத்துவக் கவுன்சிலும் நர்ஸிங் கவுன்சிலும் இருக்கின்றன. அங்கே போய் நோயாளியைத் தொடுகிறவர் அவற்றிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதை விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

படித்து முடித்த என் கதையே இது. எங்கள் குழுவில் 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மருத்துவக் கல்லூரியில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தில் எழுத அனுபவம் வேண்டும் என்று வந்தவன். நல்ல பிள்ளை, ஆமாவுக்கு விறகு தூக்கிக் கொடுப்பான். அவனுக்கு ‘நேரடி அனுபவம்’ தருவதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்கள். அதைக் காப்பாற்றுவதற்காக மூன்றாம் நாளே அவன் கையில் ஊசியைக் கொடுத்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தது ஒரு கிழவர். பையனின் கை நடுங்கியதைப் பார்த்து அந்தக் கிழவரே அவன் மணிக்கட்டைப் பிடித்து நிலைப்படுத்தினார். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011இலேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சொந்த ஊரில் செய்ய அனுமதி இல்லாததை மாணவர்கள் வெளிநாட்டிலும் செய்யக் கூடாது என்பதுதான் அதன் சாரம். உகாண்டாவின் ஜிஞ்சாவில், மருத்துவம் படிக்காத ஓர் அமெரிக்கப் பெண் நடத்திய ஊட்டச்சத்து மையத்தின் மீது பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் 2019இல் வழக்குப் போட்டார்கள். 2020இல் பொறுப்பு ஏற்காமலே சமரசத்தில் அது முடிந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை.

இன்னொன்று. ஒரு நாள் பிரசவ அறையில் எங்களில் மூன்று பேரை நிற்கவைத்தார்கள். பெற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்களா என்று ஏ.என்.எம்.மிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், நிறுவனம் வாங்கிக்கொடுத்த ரத்த அழுத்தக் கருவியைக் கண்ணால் காட்டினார். அந்தப் பெண் வலி வரும்போதெல்லாம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் வெளியே வந்துவிட்டேன். நம் ஊர்ப் பெண் ஒருத்தி பெறும்போது வெளிநாட்டார் மூன்று பேர் காலடியில் வந்து நின்றால் அவள் அம்மா சும்மா இருப்பாளா?

இனி வீட்டுக்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்தது மாடியில் இருந்த ஒரே சிமெண்ட் அறை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அவர்களுடைய பழைய கல்வீடு விழுந்துவிட்டது. அதன் மையம் கோர்க்கா மாவட்டத்து பார்பாக்தான். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் பேர் செத்தார்கள். அன்று சனிக்கிழமை, அங்கே பள்ளி விடுமுறை, அதனால் பிள்ளைகள் தப்பின என்று ஆமா ஒவ்வொரு தடவையும் சொல்வார். மகன் கத்தாரில் உழைத்து அனுப்பிய பணத்தில் எழுந்தது இந்த அறை. ஒன்பதாம் நாள் இரவு தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்து மருமகளும் ஆறு வயதுப் பேத்தியும் படுத்திருந்தார்கள். குழந்தையின் பள்ளிப்பை தலைமாட்டில் இருந்தது. மேலே நான் படுத்திருந்தது அவர்கள் கட்டில். விறகு அடுப்புப் புகை அந்த அறையில் விடியும்வரை போகாது. புகையால் நுரையீரல் கெடும் என்று அன்று பகலில்தான் ஹெல்த் போஸ்டில் படம் காட்டிப் பேசிவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் பாயை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஆமாவுக்கு முகம் வாடிவிட்டது. விருந்தாளியைத் தரையில் படுக்கவைத்தார்கள் என்று ஊர் பேசும் என்றார். கடைசியில் பேத்தி என்னோடு மேலே வந்து படுத்துக்கொண்டாள். அந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் திருப்தி.

உங்களுக்கு நான் கட்டியது 1,500 பவுண்டு, விமானச் சீட்டு தனி. அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் கொடுத்தது நாளைக்கு 600 நேபாள ரூபாய். நான்கு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 100 பவுண்டு. இரண்டு வேளை சோறு, தேநீர், அறை, குளிக்க வெந்நீர், அதற்கு விறகு, அந்த விறகை வெட்டிச் சுமந்த மருமகளின் உழைப்பு எல்லாம் அந்த நூறுக்குள். அங்கே வழக்கமான சாப்பாடு காலை பத்து மணிக்கு ஒரு தடவை, இரவு ஏழு மணிக்கு ஒரு தடவை. பருப்பும் சோறும் காய்கறியும். எங்கள் குழுவில் சிலருக்குக் காலையில் எழுந்ததும் பசிக்கும். அவர்களுக்காகச் சந்தைக்குப் போக வேண்டிய முட்டை அவித்த முட்டையானது. அதற்கு யாரும் கணக்கு எழுதவில்லை. ஆமாவும் கேட்கவில்லை, கேட்கமாட்டார். நாம் நாலு பேரைப் பார்த்து ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்கிற மாதிரி அவர்களுக்கும் ‘கானா கானுபயோ’ என்பதுதான் முகமன். அப்படிப்பட்ட வீட்டில் கூச்சத்தை வைத்து நீங்கள் விலை பேசியிருக்கிறீர்கள்.

எச்சில் விஷயமும் அப்படித்தான். நம்மைப் போலவே அவர்களுக்கும் அது உண்டு, ‘ஜூட்டோ’ என்பார்கள். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குழுவில் ஒருத்தி தான் சாப்பிட்ட கரண்டியைப் பருப்புச் சட்டிக்குள் விட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ஆமா சட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் மறுபடி பருப்பு வேகவைத்தார். காத்மாண்டுவில் இரண்டு நாள் அறிமுகப் பயிற்சி கொடுத்தீர்களே, அதில் கோயில் பார்த்த நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

விசா பற்றி ஒரே ஒரு வார்த்தை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நேபாளத்துக்கு விசா தேவையில்லை என்பதால் எனக்குச் சிக்கல் வரவில்லை. மற்றவர்களிடம் விமான நிலையத்தில் ‘சுற்றிப் பார்க்க வந்தோம்’ என்று சொல்லச் சொன்னீர்கள். சுற்றுலா விசாவில் வந்து அனுமதி இல்லாமல் வேலை செய்யக் கூடாது, சம்பளமில்லாத வேலையும் அதில் அடங்கும். சேவை செய்ய வந்த பிள்ளைகளை வாசலிலேயே பொய் சொல்லவைக்காதீர்கள்.

சரி, இதற்காக யாரும் போகவே கூடாது என்று நான் சொல்வேனா? சொல்லமாட்டேன். நான் போனதால் எனக்குக் கிடைத்தது கொஞ்சமில்லை. நேபாளப் புத்தாண்டும் நம் சித்திரைப் பிறப்பும் அந்த வருடம் அடுத்தடுத்த நாளில் வந்தன. இரண்டையும் ஒரே அடுப்பில் கொண்டாடினோம். அந்த வாரத்திலேயே வைட்டமின் ஏ முகாம் வந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை, ஆறு மாதம் முடிந்த குழந்தையிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் வரை எல்லோருக்கும் கொடுப்பார்கள். ஆலமரத்து மேடையில் ஆமா கேப்சூலின் நுனியைக் கத்தரிக்கோலால் நறுக்கி வாயில் பிழிவார், நான் பதிவேட்டில் குறித்தேன். நேபாளியில் எழுதிய பெயர்கள் எனக்குப் படிக்கத் தெரியாததால் பேத்தி பக்கத்தில் நின்று வாசித்தாள். நான் உருப்படியாகச் செய்த வேலை என்று அந்த நான்கு வாரத்தில் அதைத்தான் சொல்வேன். அவருக்கு எழுதுகிற வேலை மிச்சம், வரிசை சீக்கிரம் நகர்ந்தது. பிறந்த குழந்தையின் தொப்புளில் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினிக் களிம்பு தடவுவதை அவர் ஒரு இளந்தாய்க்குக் கற்றுக்கொடுத்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த மருந்து உயிரைக் காக்கும் என்று காட்டிய பெரிய ஆய்வு நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில்தான் நடந்தது, 2006இல் வெளியானது. தடவிய குழந்தைகளில் இறப்பு கிட்டத்தட்ட கால்பங்கு குறைந்திருந்தது. நாம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அது.

ஆகவே நான் கேட்பது இதுதான். இனி அனுப்புகிறவர்களை ஆமாவைப் போன்றவருக்குக் கீழே அனுப்புங்கள். கிராமத்தில் அப்படி ஒரு பெண் இருந்தால், அவர் சம்மதித்தால், பிள்ளைகளை அவர் பின்னால் நடக்கவிடுங்கள். பை தூக்கட்டும், பதிவேடு எழுதட்டும், எண்ணக் கற்றுக்கொள்ளட்டும். ஊசி, தையல், பிரசவம் எதையும் மாணவர்களுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். என்னைப் போல் உரிமம் உள்ளவர்களிடம் எந்த வார்டில் எத்தனை வருடம் என்று கேட்டு, அங்குள்ள கவுன்சிலின் அனுமதியோடு அந்த வேலைக்கு மட்டும் அனுப்புங்கள். கற்றுக்கொடுக்கிறவருக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் கொடுங்கள், சோற்றுக்காசில் அதைச் சேர்க்காதீர்கள். கட்டணத்தில் எவ்வளவு அந்த வீட்டுக்குப் போகிறது என்பதை உங்கள் விளம்பரத்திலேயே போடுங்கள். ஒரு அறை மிச்சமுள்ள வீட்டைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் ஹெல்த் போஸ்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை கட்டுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு மாதமாவது நேபாளி கற்கவையுங்கள். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, பால் குடிக்கிறதா என்று கேட்கவாவது தெரிய வேண்டும். போகிறவர் பற்றிய விவரம் முதலில் அந்த வீட்டுக்குப் போகட்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கட்டும். சொன்னால் காசு போய்விடும் என்ற பயம் இல்லாமல்.

டிசம்பர் 5ஆம் தேதி உலகத் தன்னார்வலர் நாள். நேபாளத்தில் அதை இந்தப் பெண்களுக்கான நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று ஆமாவோடு பேசினேன். மகன் கத்தாரிலிருந்து வந்திருக்கிறான், கீழ் அறைக்கு எரிவாயு அடுப்பு வாங்கியாயிற்று என்றார். உங்கள் ஆட்களைப் பற்றி அவர் சொல்ல விரும்புவது ஏதாவது உண்டா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். வருகிறவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு நாள் முன்னாலேயே சொன்னால் அரிசி வாங்கிவைக்க வசதியாக இருக்கும், வந்த பிறகுதான் தெரிகிறது என்றார்.

உங்கள் அடுத்த குழு செப்டம்பரில் கிளம்புகிறது என்று அறிவிப்பில் பார்த்தேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அந்தப் பன்னிரண்டு கேள்வித் தாளை நேபாளியில் மாற்றி, குழு கிளம்புவதற்கு முன் அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். ஆமா படிப்பார். கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, பேத்தி வாசித்துக் காட்டுவாள்.

இப்படிக்கு,
கோர்க்கா மலையில் ஓர் ஆமாவின் வீட்டில் நான்கு வாரம் தங்கிய செவிலியர்